டை கட்டிக்கொண்டு வந்த விருந்தாளி

சீனச் சண்டை முடிந்த மறு வருடம் அது. ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த என் கணவர், ராணுவத்துக்கு அவசரமாக அதிகாரிகள் தேவை என்ற அறிவிப்பைப் பார்த்து விண்ணப்பித்தார்; எடுத்துக்கொண்டார்கள். பயிற்சிக் கல்லூரி இதே சென்னையின் தென்கோடியில்தான் இருந்தது. ஆனாலும் அவர் வீட்டுக்கு வருவது ஞாயிற்றுக்கிழமை மட்டும், அதுவும் வெளியே போக அனுமதி கிடைத்தால். மற்ற நாளெல்லாம் நானும் கைக்குழந்தையும்தான்.

அந்தக் கல்லூரியின் வழக்கங்களைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும். எவ்வளவு வெயிலானாலும் கோட்டும் டையும் இல்லாமல் மாணவர்கள் வெளியே போகக் கூடாது. கையில் மூட்டை முடிச்சு கூடாது. ஒருவர் தவறு செய்தால் அவருடைய குழு முழுவதும் முதுகில் சுமையோடு மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும். ஏன் தாமதம் என்று கேட்டால் காரணம் சொல்லக் கூடாது. "தவறுதான் சார்" என்பது மட்டுமே பதில். இன்னொரு வழக்கமும் இருந்தது. அனுமதி ரத்தானவருக்கு உள்ளூரில் குடும்பம் இருந்தால், அவருக்குப் பதிலாக நண்பர் ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு வருவார். அதை மட்டும் என் கணவர் என்னிடம் சொல்லியிருக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே குழந்தையின் உடம்பு சுட்டது. பல் முளைக்கிற சூடா, ஜுரமா? டாக்டரிடம் போகலாமா, ஒன்றுமில்லாததற்கு ஓடி வந்தாயா என்று கேட்பாரோ? கணவர் வந்ததும் அவரையே கேட்டுக்கொள்ளலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். மத்தியானம் எதிர் வீட்டு மீன்கார அக்காவின் குரல்தான் முதலில் வந்தது.

"இன்னாமே, உன் வூட்டாண்ட சீனாக்காரன் ஒருத்தன் நின்னுகினு கீறான்! டையெல்லாம் கட்டிகினு கீறான். வேவு பாக்க வந்துகீறானா?"

வாசலில் கோட்டுப் போட்ட இளைஞர் ஒருவர் வியர்வை வழிய நின்றார். இடுங்கிய கண்கள். கோட்டுப் பைக்குள் துருத்திக்கொண்டு ஒரு பிஸ்கட் பொட்டலம். டார்ஜிலிங் பக்கத்து மலைக்காரர் என்றும், என் கணவரோடு படிப்பவர் என்றும் ஆங்கிலத்தில் சொன்னார். அணிவகுப்பில் பட்டன் சரியாக மின்னாததால் என் கணவருக்கு அனுமதி ரத்தாகிவிட்டதாம். நான் கதவைப் பாதிதான் திறந்திருந்தேன். உள்ளே கூப்பிடலாமா, தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடலாமா என்று தயங்கிக்கொண்டிருந்தபோதே இடுப்பிலிருந்த குழந்தை விறைத்தது. கண் மேலே செருகிவிட்டது. கைகால் வெட்டி வெட்டி இழுத்தது.

நான் அலறிவிட்டேன். அவர் குழந்தையை வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரி எந்தப் பக்கம் என்று கேட்டார்.

"அதோ, ரயில்வே கேட்டாண்ட நேரா ஓடு நைனா!" என்றாள் அக்கா. அவருக்குத் தமிழ் தெரியாது. அவள் நீட்டிய கையைப் பார்த்து ஓடினார்.

அந்த நேரத்திலும் நான் வீட்டைப் பூட்டத் திரும்பினேன். இன்றும் நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. பூட்டிவிட்டு ஓடிப் போய்ப் பார்த்தால், தெருமுனையில் ஒரே கூட்டம். துறைமுகத்துக் கூலியாட்கள் அவரை மடக்கியிருந்தார்கள்.

"யார்ரா நீ? யார் கொயந்தடா இது?"

"சீனாக்காரன்டா! கொயந்தைய தூக்கிகினு ஓட்றான்!"

அவர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல அவர்களுக்குச் சந்தேகம் அதிகமாயிற்று. ஒருவன் டையைப் பிடித்து இழுத்தான். அவர் கையை ஓங்கவில்லை. இரண்டு கைகளாலும் குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்.

"விடுங்க! அது எங்க அண்ணன்!" என்று கத்தினேன்.

டையைப் பிடித்திருந்தவன் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். "அண்ணனா? மூஞ்சி ஒட்லியேம்மா!"

பின்னால் மூச்சு வாங்க வந்த அக்கா அவன் முதுகில் ஒன்று வைத்தாள். "ஒட்னா இன்னா, ஒட்டாங்காட்டி இன்னா? கொயந்தைக்கு இஸ்துகிச்சு, வழி வுடுய்யா!"

அவ்வளவுதான். டையைப் பிடித்தவனே முன்னால் ஓடி வழி விலக்கினான்.

ஜுரத்தால் வந்த வலிப்பு என்று சொல்லி டாக்டர் ஊசி போட்டார். இருட்டுவதற்குள் அந்த மலைக்காரர் கல்லூரிக்குத் திரும்பியாக வேண்டும். போங்கள், போங்கள் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். குழந்தை விழித்து அழும் வரை அவர் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. கிளம்பும்போது நான் ஒன்று கேட்டுக்கொண்டேன். அந்த வாரம் என் கணவருக்குக் கடைசித் தேர்வு முகாம். விஷயம் தெரிந்தால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடி வந்துவிடுவார். அப்புறம் பயிற்சியை முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். முகாம் முடியும் வரை அவரிடம் சொல்ல வேண்டாம் என்றேன். தலையாட்டினார். பிறகு, தெருவில் நான் கத்தியது என்ன என்று கேட்டார். சொன்னேன். சிரித்துக்கொண்டே, கிழிந்த டையைச் சரிசெய்துகொண்டு போனார்.

முகாம் முடிந்து வந்த என் கணவர் வரும்போதே அந்த நண்பரைக் குறை சொல்லிக்கொண்டுதான் வந்தார். "இங்க எல்லாரும் சௌக்கியம்னு சொன்னான். அப்புறம் எங்க போய்ச் சுத்தினானோ, லேட்டா வந்தான். டை வேற கிழிஞ்சிருந்தது. ஏன்னு கேட்டா தவறுதான் சார்ங்கிறான். அவனால நாங்க அத்தனை பேரும் மூட்டையைத் தூக்கிக்கிட்டு ஓடினோம். அவன் பக்கத்துல ஓடினேன், வழியெல்லாம் திட்டிக்கிட்டே ஓடினேன்."

நான் சொன்னேன். மறைத்ததற்குக் கோபித்துக்கொள்வாரோ என்று பயந்தேன். அவர் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு வெகு நேரம் இருந்தார். பிறகு சாப்பிடாமலே கிளம்பினார். நண்பருக்கென்று வஞ்சிரம் வறுவலை இலையில் சுற்றிக் கொடுத்தேன். கையில் பொட்டலம் கூடாது என்பதால் அதைக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டு போனார்.

அந்தக் குழந்தை இப்போது மூன்றாம் வகுப்புப் படிக்கிறான். காலையிலேயே டாக்டரிடம் போயிருக்க வேண்டுமோ, கணவரிடம் மறைக்கச் சொன்னது சரியா என்று இன்னும் மனதுக்குள் வழக்காடிக்கொண்டுதான் இருக்கிறேன். எதையும் நாலு தடவை யோசிக்கும் நான், அன்று யோசிக்காமல் சொன்னது அந்த 'அண்ணன்' என்ற ஒரு வார்த்தையைத்தான். அதை மட்டும் இன்றுவரை திரும்ப யோசித்துப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.