பாக்கியம் அக்காவைக் கொன்றது ஊசி இல்லை

நான் இதை எழுதலாமா என்று தெரியவில்லை. பள்ளியில் படித்தது மலையாளம். தமிழ் எழுத்து அப்பா வீட்டில் சொல்லித் தந்தது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது என்பது எங்கள் மட்டாஞ்சேரிக் காலனியில் எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

ஆலுவாவில் வேலைக்குப் போய் பஸ்ஸை விட்டு இறங்கும்போது அம்மா போன் செய்தார். "பாக்கியம் போயிட்டாடி. ரோடு கூட்டிட்டு வந்து உட்கார்ந்தவ, அப்படியே சாஞ்சிட்டா." பாக்கியம் அக்கா எங்களுக்குச் சொந்தமில்லை, காலனியில் எல்லாருக்கும் அக்கா. மாரடைப்பு என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். நான் மட்டாஞ்சேரிக்குத் திரும்பி வருவதற்குள் பந்தலில் வேறு தீர்ப்பு எழுதியாகிவிட்டது. "எல்லாம் அந்த ஊசி பண்ணின வேலை." செல்வம் அண்ணன் சுவரோரம் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அதே ஊசியை இப்போது போட்டுக்கொண்டிருப்பவர் அவர்.

அக்கா ஊசியை முடித்து மூன்று வருடம் ஆகிறது. முன்பு ஆபரேஷனில் ஏற்றிய ரத்தத்திலிருந்து ஹெபடைட்டிஸ் சி வந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். வாரம் ஒரு ஊசி, தினமும் மாத்திரை என்று ஏறக்குறைய ஒரு வருடம் போனது. ஆங்கிலச் சீட்டுகளைப் படிக்க என்னைக் கூட்டிப்போவார். எல்லாம் முடிந்து ஆறு மாதம் கழித்து எடுத்த ரத்தத்திலும் கிருமி இல்லை. அந்தச் சீட்டைப் படித்துச் சொன்னவள் நான்.

அக்கா வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லாததால் ஊசி மருந்து, நாங்கள் இக்கா என்று கூப்பிடும் கபீர் அண்ணனின் சர்பத் கடை ஃபிரிட்ஜில் இருந்தது. ஒரு நாள் இக்கா நல்லெண்ணத்தில் அதை மேலே ஐஸ் பெட்டிக்குள் தள்ளிவிட்டார். போய் எடுத்தால் கல்லாக உறைந்திருக்கிறது. "ஐஸில வச்சா மீனே கேடு வராது சேச்சி, பின்ன மருந்துக்கு எந்தா?" என்றார். "இக்கா, நான் என்ன ஐலை மீனா?" என்று அக்கா போட்ட சத்தத்தில் சர்பத் குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உருகியதும் போட்டுக்கொள்ளலாமே என்று அக்காவின் கொழுந்தன் சொன்னார். அக்கா கேட்கவில்லை. அதை அப்படியே ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போனார். உறைந்த மருந்தைப் போடக்கூடாது என்று சொல்லி வேறு கொடுத்தார்கள்.

மருந்து பாதி முடிந்த சமயத்தில் அக்கா பேச்சை நிறுத்தினார். சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பார். பேய் பிடித்துவிட்டது என்று சரடு மந்திரித்துக் கொண்டுவந்தார்கள். அடுத்த முறை ஆஸ்பத்திரியில், வரிசை முழுக்கக் கேட்கும்படி, "டாக்டரே, எனக்குச் சாகணும்போலத் தோணுது" என்றார். கொழுந்தன் கையைப் பிடித்து இழுத்தார். "விடுடா! இங்க சொல்லாம பின்ன மீன் மார்க்கெட்லயா சொல்லுவேன்?" இந்த மருந்து மனதை அப்படித் தாழ்த்தக்கூடும் என்று டாக்டர் சொன்னார். மனநல டாக்டரிடமும் காட்டினார்கள். அடிக்கடி வரச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்கள். மெல்ல அக்கா திரும்பி வந்தார். சரடையும் கட்டிக்கொண்டார். "இது கையில கிடக்கட்டும். மாத்திரை வயித்துக்குள்ள போகட்டும். ரெண்டுக்கும் சண்டை இல்ல."

செல்வம் அண்ணன் இதே மருந்தைத் தொடங்கியபோது, அவர் மனைவியைக் குழாயடியில் நிறுத்தி அக்கா சொன்னதை நினைத்தால் எனக்கு இன்னும் கூச்சமாக இருக்கிறது. "இவன் மாத்திரை முடிஞ்சு ஆறு மாசம் வரைக்கும் நீ வயித்துல வாங்கிக்கக் கூடாது. பிள்ளைக்குக் கேடு. டாக்டர்கிட்ட ரெண்டு பேருமா போய்க் கேளுங்க." குடங்கள் எல்லாம் சிரித்தன. அவர்கள் போய்க் கேட்டார்கள்.

இப்படி ஒருத்தியைப் பற்றித்தான் பந்தலில், "சொல்லாம கொள்ளாம கண்ட மருந்தையும் ஏத்திக்கிட்டா" என்றார்கள். பொய். அக்கா எதையும் சொல்லாமல் செய்யவில்லை. மருந்தைத் தானாகக் கூட்டவில்லை, தானாகக் குறைக்கவில்லை. கீழாநெல்லிச் சாறு கொண்டுவந்தவரிடம், "ரெண்டையும் சேர்த்துக் குடிச்சு ஈரல் கெட்டா யாரைப் பிடிக்கிறது, உன்னையா டாக்டரையா?" என்று கேட்டவர் அவர்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தச் சத்தத்தைத்தான். என் தொண்டையில் அது இன்னும் சரியாக உட்காரவில்லை. இருந்தாலும் இதைக் கேட்டுவிடுகிறேன்.

செல்வம் அண்ணா, அக்காவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்தும் நீங்கள் ஊசிக்குப் போகவில்லை என்று அண்ணி சொன்னார். பயமாக இருந்தால் அந்தப் பயத்தையும் டாக்டரிடம் சொல்லுங்கள். தொடர்வதா நிறுத்துவதா என்று உங்கள் ரத்தத்தைப் பார்த்து அவர் சொல்லட்டும். பந்தலில் சாயா குடித்தவர்கள் சொல்ல வேண்டாம். திங்கட்கிழமை நான் லீவு போட்டிருக்கிறேன். காலையில் வாசலில் வந்து நிற்பேன். சீட்டை எடுத்துக்கொண்டு வாருங்கள், போகலாம்.