கித்தா பால் வைத்த போல்ட்டுகள்

காருக்கு அடியில் பச்சையாக ஒரு சொட்டு கிடந்ததை முதலில் பார்த்தவன் நான்தான். வீட்டில் அதை நம்பியவனும் நான் மட்டும்தான்.

"பக்கத்து வீட்டு காடிய நிறுத்துனப்ப சொட்டுனதா இருக்கும், போங்க. உங்களுக்குப் பல்லிகூட பாம்பாத்தான் தெரியும்" என்றாள் மனைவி.

ஞாயிற்றுக்கிழமை சித்தியவானில் மகளுக்கு வளைகாப்பு. வளையல் அடுக்கி முடிந்ததும் அவளைப் பிரசவத்துக்கு ஈப்போவுக்கு, எங்கள் வீட்டுக்கு, அழைத்து வர வேண்டும். ஏழு மாத வயிற்றோடு அவள் உட்காரப் போகிற காரில், ரேடியேட்டர் தண்ணீர் மூன்று நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டிருந்தது. நான் மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவன். புத்தகத்தைப் பார்த்துக் காரைத் தெரிந்துகொள்ளவில்லை. தொட்டுப் பார்த்துப் பயந்து தெரிந்துகொண்டேன். காலையில் பல் விளக்குவதற்கு முன்பே பானெட்டைத் திறந்து பார்க்கிற ஆள்.

மேலிருந்து பார்த்தால் எங்கே ஒழுகுகிறது என்று தெரியவில்லை. இன்ஜினுக்கு அடியை ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் தட்டு மூடியிருக்கும். அதைக் கழற்றினால்தான் தெரியும். சனிக்கிழமை காலை மனைவியின் தம்பியை வரச் சொன்னேன். அவன் டயர் கடையில் வேலை செய்கிறவன். அவன் வந்து சேர்வதற்குள் காரை ஜெக்கில் தூக்கி, இரண்டு இரும்புத் தாங்கி வைத்து, அதற்குப் பக்கத்தில் ஸ்பேர் டயரையும் படுக்கப் போட்டு, மேலே இரண்டு மரக்கட்டையும் அடுக்கி வைத்திருந்தேன்.

"என்னா மச்சான், யானையவா நிறுத்தப் போறீங்க?" என்று சிரித்துக்கொண்டே அட்டையை விரித்து அடியில் நுழைந்தான்.

முன்பக்கத்துக் கிளிப்புகள் நான்கும் நெம்பியதும் வந்துவிட்டன. பக்கவாட்டில் இருந்த நான்கு போல்ட்டுகளும் துரு மருந்து அடித்ததும் சுழன்றன. பின்பக்கத்து நான்கில்தான் ஸ்பானா உட்காரவே இல்லை.

"அலாமக்! எந்த மடையன்லா போல்ட்டு தலையில கித்தா பால ஊத்தி வச்சிருக்கான்?"

நான் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தேன். 

அந்த மடையன் நான்தான். நான்கு வருடத்துக்கு முன் இந்தப் பழைய காரை வாங்கிய புதிதில், தைப்பிங்கிலிருந்து மழையில் வரும்போது, முன்னால் போன காரின் அடித்தட்டு கழன்று ரோட்டில் இழுபட்டதைப் பார்த்தேன். அன்றைக்கு விட்டது தூக்கம். எல்லா போல்ட்டையும் இறுக்கினேன்; மனசு கேட்கவில்லை. எங்கள் தாமான் வீடுகளுக்குப் பின்னால் பழைய தோட்டத்து ரப்பர் மரங்கள் கொஞ்சம் மிச்சம் இருக்கின்றன. ஒருவர் இன்னும் பால் வெட்டுகிறார். அவரிடம் ஒரு மங்குக் கோப்பை கித்தா பால் கேட்டு வாங்கி வந்து, சக்கரத் தண்ணீர் அடிக்கிற பின்பக்கத்துப் போல்ட்டுகளுக்கு மரையிலும் தலையிலும் பூசினேன். தோட்டத்தில் பிறந்த எங்களுக்கு அறுந்த செருப்பு, ஒழுகுகிற வாளி எல்லாவற்றுக்கும் கித்தா பால்தான் மருந்து. விழக்கூடாது என்று மட்டும்தான் நினைத்தேன். என்றைக்காவது கழற்ற வேண்டி வரும் என்று தோன்றவே இல்லை.

"தொங்கிறக் கூடாதேன்னுதான் மச்சான்..." என்று இழுத்தேன்.

அடியிலிருந்து சிரிப்பு வந்தது. "தொங்காது மச்சான். காடி இத்துப் போனாலும் இது மட்டும் இங்கேயே நிக்கும்."

தேநீர் கொண்டு வந்த மனைவி, "என்னா சிரிப்பு?" என்றாள்.

"உன் வீட்டுக்காரரு கித்தா பால ஊத்தி காடிய ஒட்ட வச்சிருக்காருக்கா."

குத்தூசியால் நோண்டி நோண்டி எடுத்தான். மென்று துப்பிய சுவிங்கம் மாதிரி மண்ணோடு வந்தது. உள்ளே ஈரம் மாட்டித் துரு ஏறியிருந்தது. மருந்து அடித்துவிட்டுத் தேநீர் குடிக்கிற நேரம் விட்டோம். அப்புறம் ஒரு இழை இறுக்கினான், ஒரு இழை தளர்த்தினான். மறுபடி இறுக்கினான், தளர்த்தினான். முனகிக்கொண்டே மூன்று வந்தன. நான்காவதன் தலை மழுங்கிவிட்டது.

"விட்டுரு மச்சான், ஒடஞ்சிரும். நாளைக்கு வேற காடி வாடகைக்குப் பேசிக்கலாம்" என்றேன். 

"பொறுங்க மச்சான், சாபார்லா." ஒரு நம்பர் சின்ன சாக்கெட்டைத் தலைமேல் வைத்துச் சுத்தியலால் அடித்து ஏற்றினான். திருகினான். டக் என்றது. ஒடிந்தே போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன். ஒடியவில்லை, திரும்பியிருந்தது.

தட்டு இறங்கியது, அதில் தேங்கியிருந்த பச்சைத் தண்ணீர் முழுதும் அவன் நெஞ்சில் கொட்டியது. ரேடியேட்டருக்குக் கீழே போகிற ரப்பர் குழாய், வளையம் இறுக்குகிற முனையில் குதிகால் மாதிரி வெடித்திருந்தது.

"நாளைக்குப் பாதி ரோட்டுல கொதிச்சிருக்கும் மச்சான்" என்றான். இப்போது அவன் சிரிக்கவில்லை.

மனைவி குனிந்து பார்த்தாள். "பல்லி இல்ல, பாம்புதான்" என்றாள். அவன் வெடித்த முனையைக் கட்டைவிரல் நீளம் வெட்டிவிட்டு, மிச்சத்தை இழுத்து மாட்டிப் புது வளையம் போட்டு இறுக்கினான். தண்ணீர் ஊற்றி, இன்ஜினை ஓடவிட்டுப் பார்த்தோம். காய்ந்தே இருந்தது. தட்டை மாட்டப் புது போல்ட்டுகளைக் கையில் எடுத்தவன், "பால் வேணுமா?" என்றான்.

"கிரீஸ் போதும்."

மறுநாள் சித்தியவானில் எல்லாம் முடிந்து மகள் ஏறுவதற்கு முன், வேட்டியோடு குனிந்து காருக்கு அடியில் பார்த்தேன்.

"என்னா சம்பந்தி, எதாச்சும் விழுந்துருச்சா?" என்று மாப்பிள்ளையின் அப்பா ஓடி வந்தார்.

"ஒன்னுமில்ல சம்பந்தி." தரையைத் தடவிய விரலில் மணல்தான் ஒட்டியிருந்தது.

பின்சீட்டில் வளையல் சத்தம் கேட்டது. "பாத்தாச்சாப்பா? போலாமா?" என்றாள் மகள்.

"போலாம்" என்றேன். வழியில் போத்தா பாலம் தாண்டியதும் ஓரமாக நிறுத்தி, இன்னொரு தடவை குனிந்து பார்த்துவிட்டு வந்தேன். மனைவி கை துடைக்கத் துணியை எடுத்து நீட்டினாள்.