காத்மண்டுவில் ஓர் அம்மாளாச்சி

போன சனிக்கிழமை லண்டன் இல்ஃபோர்டில் ஒரு மரக்கறிக் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல்.

"அண்ணை, போன கிழமை பேப்பரிலை உங்கட பத்தியைக் காணேல்லை. சுகமில்லையோ?"

வாசகர்! எழுதுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? "காத்மண்டுவுக்குப் போட்டு வந்தனான்" என்றேன், கொஞ்சம் நிமிர்ந்து நின்றுகொண்டு.

"மலை ஏறவோ?" அவருடைய பார்வை என் வயிற்றில் நின்றது.

"இல்லை, கோயில் பாக்க."

"ஏன், லண்டனிலை இல்லாத கோயிலே?" என்று கேட்டுவிட்டு, நான் பார்த்துப் பார்த்து ஒதுக்கி வைத்திருந்ததில் நல்ல நாலு முருங்கைக்காயை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நியாயமான கேள்விதான். கடையில் நின்று சொல்லக்கூடிய பதில் அல்ல என்பதால் இங்கே சொல்கிறேன்.

யோசனை என் மனைவி இந்திராணியுடையது. எங்கள் ஒரே மகள் மயூரி கர்ப்பமாக இருக்கிறாள். இது மூன்றாவது முறை. முந்திய இரண்டும் மூன்றாம் மாதத்தைத் தாண்டவில்லை. இந்த முறை ஐந்து முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்கிறார்கள்... போன முறையும் முதலில் அப்படித்தான் சொன்னார்கள்.

ஆகவே இந்திராணி ஆஸ்பத்திரியை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்கத் தயாராக இல்லை. லண்டனில் இருக்கிற பிள்ளையார், முருகன், அம்மன் எல்லாரிடமும் விண்ணப்பம் கொடுத்தாயிற்று. இனி மேலிடத்தில் நேரே போய் ஒரு நேர்த்திக்கடன் வைக்க வேண்டும் என்றாள். மேலிடம் என்றால் காத்மண்டு பசுபதிநாதர். சிவன், அதுவும் இமயமலைக்குப் பக்கத்தில்!

ஒரேயொரு நிபந்தனை. "புத்த கோயில் ஒண்டுக்கும் என்னைக் கூட்டிக்கொண்டு போகக் கூடாது. இப்பவே சொல்லிப்போட்டன்."

காரணம் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் அவளுடைய சீதனக் காணி யுத்த காலத்தில் இராணுவ வேலிக்குள் போய்விட்டது. பல வருடங்களுக்குப் பிறகு வேலியைத் தள்ளிப் போட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போனோம். வீட்டைக் காணவில்லை. கிணற்றடியில் வெள்ளை அடித்த மேடை ஒன்று. அதன் மேல் புத்தர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து இந்திராணி, ஏதாவது சாப்பாட்டுக் கடை வாசலில் அலங்காரத்துக்கு ஒரு புத்தர் இருந்தால்கூட ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கத்தால்தான் நடப்பாள்.

காத்மண்டுவில் தடுக்கி விழுந்தால் புத்தர் காலடியில்தான் விழ வேண்டும். டிக்கெட் எடுக்கும்போது இதை நான் அவளுக்குச் சொல்லவில்லை.

எங்களுக்கு வாய்த்த வழிகாட்டி, மலேசியாவில் ஒரு தமிழர் உணவகத்தில் ஆறு வருடம் வேலை செய்தவர். விமான நிலையத்திலேயே "வாங்கண்ணே, வாங்கக்கா, சாப்டாச்சா?" என்றார். இந்திராணி அசந்துபோனாள். பெயர் கிருஷ்ணா என்றதும் முழு நம்பிக்கை வந்துவிட்டது.

மறுநாள் காலை பசுபதிநாதர் வாசல். இந்துக்கள் மட்டுமே உள்ளே போகலாம் என்று பலகை. லண்டனில் இன்னார்தான் உள்ளே வரலாம் என்பதற்கு எதிராக ஊர்வலம் போனவன் நான். இந்தப் பலகையைப் பார்த்ததும் 'நல்லவேளை, நாங்கள் உள்ளே போகிற கூட்டம்' என்று ஒரு சின்னச் சந்தோஷம் வந்தது. வெட்கக்கேடுதான்.

காவலர் "எந்த நாடு?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"லண்டன்!" என்றோம் இருவரும் ஒரே குரலில். லண்டன் ஒரு நாடு அல்ல என்பது இத்தனை வருடத்தில் எங்களுக்குத் தோன்றியதே இல்லை.

"இந்துவா?"

இந்திராணிக்கு வந்ததே கோபம். குளிருக்குப் போட்டிருந்த ஜாக்கெட்டுக்குள் கையை விட்டுத் தாலிக்கொடியை வெளியே இழுத்து, பாஸ்போர்ட் காட்டுவதுபோல் நீட்டினாள். அது என்னவென்று அவருக்குப் புரியவில்லை. ஆனால் நீட்டியவளின் முகம் புரிந்துவிட்டது. வழிவிட்டார்.

அப்போதுதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். யாழ்ப்பாணத்தில் ஆண்கள் மேல்சட்டையோடு கோயிலுக்குள் போவதில்லை. பழக்கதோஷம். ஜாக்கெட், ஸ்வெட்டர், சட்டை, லண்டனில் பார்த்து வாங்கிய தெர்மல் உள்சட்டை என்று ஒவ்வொன்றாகக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, ஜனவரி மாதத்து இமாலயக் குளிரில் வெறும் மேலோடு நிமிர்ந்தேன். சுற்றிவர அத்தனை பேரும் கம்பளியும் தொப்பியுமாக நிற்கிறார்கள்! காவலருக்கு இப்போது என் மதத்தில் சந்தேகம் இல்லை, மூளையில்தான் சந்தேகம்.

"அண்ணே, இங்க சட்டை போட்டுக்கலாம்ண்ணே!" கிருஷ்ணா ஓடி வந்தார்.

"கழட்டினதைக் கழட்டிப்போட்டியள், அப்பிடியே வாங்கோ. பிள்ளையின்ர காரியம்" என்றாள் இந்திராணி. பல் கிடுகிடுக்க உள்ளே போனேன்.

சரியான கூட்டம். நான்கு வாசல், லிங்கத்தில் நான்கு முகம், ஒவ்வொரு வாசலிலும் ஒரு விநாடி. இந்திராணி விமானத்தில் பத்து மணி நேரம் மனதுக்குள் பாடமாக்கி வந்த நேர்த்தியை "அப்பனே, என்ர பிள்ளைக்கு..." என்று தொடங்கினாள். பின்னால் வந்தவர்கள் தள்ளியதில் அடுத்த வாசலில் நின்றாள். அங்கேயும் "அப்பனே..." அதோடு சரி. நான்காவது வாசலில் அதுவும் இல்லை. வெளியே வந்தபோது கண் கலங்கியிருந்தது.

"ஒரு வசனம் முழுசாச் சொல்ல விடேல்லையப்பா. இவ்வளவு தூரம் வந்தும்..."

நான் கோயில் விஷயத்தில் அரைகுறை. ஆனால் அவள் அந்த வசனத்தைச் சொல்லி முடித்திருந்தால் நானும் அன்றிரவு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

அடுத்த நாள் அறையை விட்டு வரமாட்டேன் என்றாள். "ஒரு குன்று இருக்கு, மேலை நிண்டு ஊரைப் பாக்கலாம், குரங்கு இருக்கு" என்று சொல்லி அழைத்துப் போனேன். குன்று இருந்தது. குரங்கும் இருந்தது. சுயம்புநாத் என்ற பெயர் அவளுக்குச் சிவன் பெயராகக் கேட்டிருக்க வேண்டும். நான் திருத்தவில்லை.

மேலே போனால் வெள்ளை வெளேர் என்று பெரிய ஸ்தூபி. அதன் மேலே நான்கு பக்கமும் பார்க்கிற புத்தரின் கண்கள். இந்திராணி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு குனிந்த தலையோடு எதிர்ப்பக்கம் போனாள். அங்கேயும் கண். அடுத்த பக்கம் போனாள். கண்! எதிர்ப்பக்கம் என்ற ஒன்றே இல்லாத இடத்துக்கு மனிதன் தன் மனைவியைக் கூட்டிவரக் கூடாது.

அப்படிச் சுற்றிப் போனவள் ஒரு சின்னக் கோயிலின் முன்னால் நின்றுவிட்டாள். தட்டுகளில் பூ, அரிசி, குங்குமம், விளக்கு. வரிசையில் பெண்கள். பாதிப் பேருடைய கையில் குழந்தை.

"தம்பி, இது ஆர்?"

"இது எங்க அம்மாக்கா. சின்னப் பிள்ளைங்களுக்குக் காவல். அந்தக் காலத்துல அம்மை வந்தா இவங்ககிட்டதான் ஓடி வருவாங்க."

"அம்மாளாச்சி!" என்றாள் இந்திராணி. எங்கள் ஊரில் அம்மனைக் கூப்பிடுகிற பெயர் அது. அடுத்த நிமிடம் கையில் பூத்தட்டோடு வரிசையில் நின்றாள். நான் பின்னால்.

கிருஷ்ணா என் காதருகில் மிச்சக் கதையைச் சொன்னார். "இந்த அம்மா பேரு ஹாரித்திண்ணே. முன்னாடி ராட்சசி. ஊர்ப் பிள்ளைங்கள புடிச்சுத் தின்னுடுவாங்க. அவங்களுக்கே ஐநூறு பிள்ளைங்க. புத்தர் அதுல கடைசிய ஒளிச்சு வச்சிட்டாரு. அழுதுகிட்டே ஊரெல்லாம் தேடுனாங்க. 'ஒண்ணு தொலஞ்சதுக்கே இப்படின்னா, நீ தின்ன பிள்ளைங்களோட அம்மாங்க?'ன்னு கேட்டாரு. அதுலருந்து புத்தர் பக்கம் வந்துட்டாங்க. பூசை பண்றவரும் புத்தர் ஆளுதான்."

சொல்வதா, விடுவதா? சொன்னால் இந்த நேர்த்தியும் போய்விடும். மூன்று பேர்தான் முன்னால் நின்றார்கள். வாயை மூடிக்கொண்டேன்.

அங்கே யாரும் தள்ளவில்லை. பூசகர் தட்டை வாங்கிக்கொண்டு, அவசரம் இல்லை என்பதுபோல் கையைக் காட்டினார். இந்திராணி தொடக்கத்திலிருந்து கடைசி வரை தமிழில் முழுதாகச் சொன்னாள். "பிள்ளை சுகமாப் பிறந்தால் கொண்டுவந்து உனக்குக் காட்டுறன். கீழ்ப்படியிலை இருந்து மேல் மட்டும் இவர் தூக்கிக்கொண்டு வருவார்." முந்நூற்றுக்குக் குறையாத படிகள். எங்கள் வீடுகளில் நேர்த்தி வைப்பது மனைவி, நிறைவேற்றுவது கணவனின் முழங்கால்.

குங்குமம் வைத்துக்கொண்டு திரும்பியவளின் முகத்தில் அப்படி ஓர் அமைதி. மகளுக்கு முதல் முறை தவறிப்போனதிலிருந்து நான் அந்த முகத்தைப் பார்க்கவில்லை.

கார் குன்றிலிருந்து இறங்கும்போது சொல்லிவிட்டேன். ஒளித்து வைத்தால் நேர்த்திக்கு ஏதும் பழுது வந்துவிடுமோ என்று, நம்பிக்கையில்லாத எனக்கே பயம்! ராட்சசி, ஐநூறு பிள்ளைகள், புத்தர், எல்லாம் சொன்னேன். இந்திராணி வெடிக்கப் போகிறாள் என்று இருக்கை நுனிக்கு வந்துவிட்டேன்.

"பிள்ளையை ஒளிச்சது ஆர்?"

"புத்தர்."

"அழுது அழுது தேடினது?"

"அவ."

"பிறகென்ன? நான் அவரிட்டையே கேட்டனான்? அவவிட்டையெல்லே கேட்டனான். பிள்ளையைத் துலைச்சுப்போட்டுத் தேடினவளுக்கு விளங்கும்." சேலைத் தலைப்பைச் சரி செய்துகொண்டாள். "காணி விஷயம் வேறை. அது அப்பிடியே கிடக்கு."

மயூரிக்கு இப்போது ஆறாவது மாதம். அவள் போனில் கூப்பிட்டால் 'ஹலோ' சொல்வதற்குள் 'எல்லாம் சரிதானே?' என்று கேட்டுவிடுகிறேன்.

இந்திராணி இந்தப் பத்தியை ஒரு வரி விடாமல் வாசிப்பவள். ஆகவே இதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அன்று அவள் கழற்றி வைத்த சப்பாத்தைத் தேடிக்கொண்டிருந்த ஐந்து நிமிடத்தில், நான் ஸ்தூபியின் பின்பக்கமாகப் போய், அவரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.