அரைக்கட்டை இறங்கிய இன்ஜின்

உத்திரமேரூர் பக்கம் காவாந்தண்டலத்தில் சாலமனும் நானும் ஒரே பேண்டு செட்டில் கிளாரினெட் வாசித்தோம். இருவர் வீட்டிலும் கூலி வேலைதான். சென்னையில் நாங்கள் படித்த கல்லூரியில் மாணவர்களுக்கு இலவசமாக விமானம் ஓட்டக் கற்றுத் தந்தார்கள். இருவரும் சேர்ந்தோம். ஒருநாள் ஊருக்கு மேலே பறந்து காட்ட வேண்டும் என்பது எங்கள் பேச்சு.

எங்களுக்குள் ஒரு பழக்கம். ஒருவன் விமானத்தில் ஏறினால் மற்றவன் வெளியே நின்று இன்ஜினின் சுருதியைக் கேட்பான். எப்போதும் அது இரண்டு கட்டையில் நிற்கும். ஒருமுறை சுருதி இறங்கியிருப்பதாகப் பயிற்சியாளரிடம் சொன்னேன். சோதித்தார்கள், பழுது இல்லை. "இது கல்யாண ஊர்வலம் இல்லப்பா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சாலமனும் சிரித்தான்.

அவன் முதன்முதலாகத் தனியே பறக்கப்போன காலையில், சுருதி அரைக்கட்டை இறங்கியிருந்தது. உள்ளேயிருந்து தலையை நீட்டி, "சுதி சரியா கீதாடா?" என்று கத்தினான். மறுபடியும் சிரிப்பார்களே என்று, "சரியா கீது, போடா!" என்று கத்தினேன்.

மேலே ஏறிய சற்று நேரத்தில் இன்ஜின் நின்றது. விமானம் ஏரிக்குள் விழுந்தது. சாலமன் பிழைக்கவில்லை.

அடக்கத்தன்று அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "கடைசியா இன்னாப்பா பேசினான்?"

"இன்ஜின் சரியா கீதான்னு கேட்டான்மா. கீதுன்னு சொன்னேன்."

"நீயா சொன்ன? அப்ப பயப்படாமத்தான் போயிருப்பான் எம்புள்ள."

அந்த ஒரே ஆறுதலைப் பறிக்க மனம் வரவில்லை என்றுதான் இத்தனை வருடமும் சொல்லிக்கொள்கிறேன். உண்மையில், தைரியம்தான் வரவில்லை. அன்றைக்கும், அதற்குப் பிறகும்.