பன்னிரண்டு பள்ளத்தாக்குகளும் ஓர் இடுப்பெலும்பும்

பிற்பகல் மூன்று மணிக்குத் தாலாய் ஒரு நூற்றாண்டை ஓடவிடுவார். கணினித் திரையில் பன்னிரண்டு பள்ளத்தாக்குகள். ஒவ்வொன்றிலும் ஒரு குலம், ஒரு தலைவர், ஓர் ஆறு. பொத்தானைத் தட்டிவிட்டு நாற்காலியில் சாய்ந்து கண்ணை முக்கால்வாசி மூடிக்கொள்வார். பனி உருகும், மந்தைகள் மலையேறும், தலைவர்கள் பிறந்து இறப்பார்கள். இருபது நிமிடத்தில் நூறு வருடம் முடிந்திருக்கும், தேநீர் ஆறியிருக்கும். ஜன்னலுக்கு வெளியே நிஜ மலைகளும் பனியோடு நிற்கும். எது திரை, எது ஜன்னல் என்று சில நாள் அவருக்கே குழம்பும்.

பிஷ்கெக் நகரத்தில், லக்மான் என்ற நூடுல்ஸ் விற்கும் ஒரு கடைக்கு மேல்மாடியில், அதன் ஆவிக்கு நடுவில், போர் விளையாட்டு தயாரிக்கிறவர் இவர். ஐம்பத்திரண்டு வயது. அறைக்குள் ஈ வந்தால் ஜன்னலைத் திறந்துவைத்து அது போகும்வரை காத்திருக்கிற ஆள். மேஜையில் எப்போதும் கொம்புப் பிடி போட்ட மடக்குக்கத்தி ஒன்று கிடக்கும். அதைக்கொண்டு அவர் ஓர் ஆப்பிளைக்கூட நறுக்கி யாரும் பார்த்ததில்லை.

அவருடைய தீராத குறை, விளையாட்டில் போர் சரியாகத் தொடங்குவதில்லை என்பது. தானியம் இந்த அளவுக்குக் கீழே போனால் போர் என்று எழுதிவைத்திருந்தார். தானியம் குறையும், போர் வந்துவிடும். கூட வேலை செய்யும் பெர்மெத்துக்கு இது பிடிக்கவில்லை. அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"அண்ணே, உங்க தலைவருங்க அலாரம் வச்சுட்டுச் சண்டைக்குப் போறாங்க. பசிச்சவன் எங்கயாவது சண்டை போடுவானா? ஆட்டை ஓட்டிக்கிட்டு அடுத்த பள்ளத்தாக்குக்குப் போவான்."

"பேராசையைக் கொஞ்சம் கூட்டிப் பார்க்கலாமா?"

"கூட்டியாச்சு. இப்ப எல்லாரும் வேன்ல சீட்டுக்கு அடிச்சுக்கிற மாதிரி அடிச்சுக்கிறாங்க. அதை விடுங்க. நீங்க கடைசியா யார்கூட சண்டை போட்டீங்க?"

"நான் யார்கூடயும் சண்டை போட்டதில்லம்மா."

"அப்ப அந்தக் கத்தி யாரோடது?"

தாலாய் கத்தியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு தூக்கத்தில் பேசுகிறவரைப் போல மெதுவாகச் சொன்னார். நான்கு வருடத்துக்கு முன் அப்பாவின் வருட நினைவு விருந்து. வெந்த ஆட்டின் கறியெலும்புகளை வயதுக்கும் மரியாதைக்கும் ஏற்ப எடுத்துக் கொடுத்தது அவர்தான். ஓர் ஆட்டுக்கு இடுப்பெலும்பு இரண்டுதான். இருப்பவர்களில் மூத்தவர்களுக்கு அது போக வேண்டும். ஒன்றைத் தங்கையின் மாமனாருக்குக் கொடுத்தார். மற்றதை அந்த மாமனாரோடு வந்த அவருடைய தம்பிக்குக் கொடுத்தார். அந்தத் தம்பி, தாலாயின் அண்ணன் எர்மெக்கைவிட ஆறு வயது இளையவர். எர்மெக்கின் முன்னால் வந்தது, இளையவர்களுக்குப் போகிற ஒரு முன்னங்கால் எலும்பு.

"அண்ணன் நம்ம வீட்டு ஆளு, விருந்தாளி இல்லன்னு நினைச்சுட்டேன். வீட்டு ஆளுதானே விட்டுக்கொடுக்கணும்?"

"அவரு என்ன சொன்னாரு?"

"எலும்பைப் பார்த்தாரு. கறி அறுக்க எடுத்த தன் கத்தியை விரிப்பு மேல வச்சாரு. அதை அங்கயே விட்டுட்டு எழுந்து போய்ட்டாரு. அப்புறம் அப்பா வீட்டை விக்கிறதுல எங்களுக்குள்ள தகராறுன்னு ஊரே பேசுச்சு. வீட்டை விக்கிறதுல ஒரு தகராறும் இல்லம்மா."

பெர்மெத் திரைப் பக்கம் திரும்பி விளையாட்டுக்குப் புது விதிகளை எழுத ஆரம்பித்தாள். ஒரு வாரத்தில் பள்ளத்தாக்குகளில் விருந்துகள் நடந்தன. யாருக்கு எந்த எலும்பு கிடைத்தது என்பதைத் தலைவர்கள் மறக்காமல் வைத்துக்கொண்டார்கள்.

விதிகள் எழுதி முடிந்த அன்று மூன்று மணிக்கு ஓடிய நூற்றாண்டில், ஐந்தாம் பள்ளத்தாக்கின் தலைவருக்குப் பக்கத்துப் பள்ளத்தாக்கின் விருந்தில் முன்னங்கால் எலும்பு போனது. அவர் சத்தமில்லாமல் வீடு திரும்பினார். பதினோரு வருடம் ஒன்றுமே நடக்கவில்லை. பன்னிரண்டாம் வருடம் ஆறு வற்றியது, அவர் குதிரைகளோடு அந்தப் பக்கத்துப் பள்ளத்தாக்கில் இறங்கினார். திரையின் அடியில் ஒரு வரி ஓடியது: தண்ணீருக்காகப் போர்.

பெர்மெத் கைதட்டினாள். தாலாய் அந்த வரியை இன்னொரு முறை படித்தார்.

அதன்பின் அவர் நூற்றாண்டுகளை ஓட்டியது விளையாட்டுக்காக அல்ல. வருடம் போகப்போகக் கோபம் தேயும் என்று எழுதித்தான் வைத்திருந்தார்கள். ஆனாலும் சேர்ந்து சாப்பிடாதவர்களுக்கு அது தேயவில்லை. நாற்பது நூற்றாண்டுகளில் ஒன்றில் மட்டும் போர் வரவில்லை. அதில், தப்பு செய்த தலைவர் அடுத்த விருந்தின் இடுப்பெலும்பைத் தானே எடுத்துக்கொண்டு மற்றவர் வீட்டுக்குப் போயிருந்தார்.

"விருந்துல மிஞ்சுற கறியை வீட்டுக்கு எடுத்துட்டுப் போறதுக்குன்னு ஒரு விதி போட்டேன், அவ்வளவுதான்" என்றாள் பெர்மெத். "இதுக்கு நான் பொறுப்பில்ல."

சனிக்கிழமை தாலாயின் வீட்டில் பேரனுக்குத் தொட்டில் விருந்து. எர்மெக்குக்கும் சொல்லி அனுப்பியிருந்தார், அவர் வரவில்லை. தன்னை இன்னமும் சின்ன வயதுப் பெயர் சொல்லிக் கூப்பிட உலகத்தில் மிச்சமிருந்த ஒரே ஆள் அந்த அண்ணன். கறித் தட்டு வந்தது. ஓர் இடுப்பெலும்பைச் சபையின் பெரியவருக்குக் கொடுத்தார். இன்னொன்றைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டினார். விருந்தாளிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மனைவி மட்டும், "கோட்டைப் போட்டுக்கிட்டுப் போங்க, வெளிய குளிரு" என்றாள்.

ஊரின் மறுகோடியில், நான்காம் மாடியில் எர்மெக் கதவைத் திறந்தார். காதோரம் முழுக்க நரைத்திருந்தது.

"என்னது இது?"

வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்த பேச்சு ஒன்றும் தாலாயின் வாயில் வரவில்லை. பையை நீட்டினார், அது இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. பிறகு கோட்டுப் பையிலிருந்து நான்கு வருடமாகத் தன் மேஜையில் கிடந்த அந்த மடக்குக்கத்தியை எடுத்து விரித்து, அலகைத் தன் உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டு, பிடியை அண்ணன் பக்கமாக நீட்டினார்.