கறுப்பு லோகோவும் குருக்களின் கட்டைவிரலும்

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி நாற்பது நிமிடத்துக்கு எல்லாம் கோணலாகத் தொடங்கியது. கோயில் அலுவலகச் சுவரில் மாட்டியிருந்த பெரிய கடிகாரம் எனக்கு நேர் எதிரே இருந்ததால் நிமிடம் வரை நினைவிருக்கிறது. குருக்கள் கட்டைவிரலில் சந்தனத்தைத் தாராளமாக எடுத்து, என் மகளுடைய காரின் முன்னால் இருக்கும் கம்பெனி லோகோவில் அழுத்தி வைத்தார். அதன்மேல் குங்குமம் வைத்தார். கையை எடுக்கப் பார்த்தார். கையோடு லோகோவின் கறுப்பும் சேர்ந்து எழுந்து வந்தது.

“ஏம்மா, இது என்னம்மா, காருக்குத் தோல் உரியுது?” என்றார்.

உரியத்தான் செய்தது. ரப்பர் மாதிரி காயும் பெயிண்ட் அது. அன்று மத்தியானம் எங்கள் வீட்டுப் போர்ச்சில் குந்தி உட்கார்ந்து அதை அடித்தவள் நான்.

சென்ற மழைக்காலத்தில் ஃபெடரல் நெடுஞ்சாலையில் ஒரு லோரி என் மகளின் காரைப் பக்கவாட்டில் தட்டிவிட்டுப் போனது. கார் ஒரு சுற்றுச் சுற்றி, தடுப்பில் மூக்கை மோதிக்கொண்டு நின்றது. அவளுக்குத் தோளில் சிராய்ப்பு, அவ்வளவுதான். போன் வந்தபோது நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். இன்றும் பாசாரில் மீன் கடைப் பக்கம் நான் போவதில்லை. கார் புது பானெட், புது பம்பர், பளபளக்கும் புது லோகோவோடு ஒர்க்‌ஷாப்பிலிருந்து திரும்பி வந்துவிட்டது. மகள்தான் அதன் பக்கமே போகவில்லை. “அந்த மூஞ்சியப் பாத்தாலே தடுப்புல மோதுனதுதான் ஞாபகம் வருதும்மா” என்றாள். கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸுக்கு ரயிலில் வேலைக்குப் போய் வர ஆரம்பித்தாள். பேச்சு வரத் தாமதமாகும் குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலை.

ரயிலிலேயே போய் வரட்டும் என்று நானும் நிம்மதியாக இருந்திருப்பேன். ஆனால் டெங்கிலில் புதிதாகத் திறக்கும் கிளைக்கு அவளையே பொறுப்பாகப் போடுவதாக முதலாளி சொல்லிவிட்டார். எங்கள் வீட்டிலிருந்து ரயிலை நம்பி அங்கே வேலைக்குப் போக முடியாது. கார் ஓட்டித்தான் ஆக வேண்டும். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். படிக்கிற காலத்திலிருந்து அவள் ஆசைப்பட்ட பொறுப்பு அது. “முடியாதுன்னு சொல்லிடப் போறேன்மா” என்று தட்டிலிருந்த இட்லியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அவள் மறுபடி கார் ஓட்டினால் எனக்குப் பயம். பயந்துபோய் அந்த வேலையை விட்டுவிட்டால் அது அதைவிடப் பெரிய பயம்.

மூஞ்சிதானே பிரச்சினை, மூஞ்சியை மாற்றிவிடலாமே என்று எனக்குத் தோன்றியது. கார் வாங்கிய புதிதில் அவளே சொல்லியிருந்தாள்: “இந்த வெள்ளி லோகோ எல்லாம் அங்கிள்ங்க கார் மாதிரி இருக்கு. ஒருநாள் மேட் பிளாக் ஆக்கிடணும்.” முன் லோகோ, பின் லோகோ, பின்கதவில் இருக்கும் பெயர் எழுத்துகள், எல்லாமே பளபளப்பில்லாத கறுப்பாக வேண்டும். சாம்பல் நிறக் காருக்கு அது எடுப்பாகத்தான் இருக்கும் என்று எனக்கும் பட்டது.

கார் சாமான் கடைச் சீனர் ஸ்ப்ரே டப்பாவைக் கொடுத்து முறையைச் சொன்னார். மெல்லிசாக அடிக்க வேண்டும், கொஞ்சம் காயவிட்டு மறுபடி அடிக்க வேண்டும். ஓரங்களில் பட்டதைத் தோல் மாதிரி உரித்துவிடலாம். பிடிக்காமல் போனால் முழுவதையுமே உரித்துவிடலாம், உள்ளே வெள்ளி அப்படியே இருக்கும். கடைசியில், “எஸோக் பாரு போலே செந்தூ, ஆன்டி” என்று மலாயில் சொன்னார். நாளைக்குத்தான் தொடலாமாம். நான் தலையாட்டிவிட்டு வந்தேன்.

அந்த மத்தியானத்தை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பும் சந்தோஷமும் வருகிறது. மகள் வேலைக்குப் போயிருந்தாள். பழைய பேப்பரைக் காரின் முகத்தில் சுற்றி ஒட்டி, லோகோவுக்கு மட்டும் ஜன்னல் விட்டேன். டப்பாவைக் குலுக்கினால் உள்ளே குண்டு உருண்டது. முதல் தடவை அடித்ததும் அடுப்புக் கரி படிந்த மாதிரி இருந்தது. பயந்துவிட்டேன். அடுத்தடுத்து அடிக்க அடிக்க வெள்ளி மறைந்து, பூனை மூக்கு மாதிரி கறுப்பு வந்தது. பின்கதவு எழுத்துகளின் இடுக்கில் ஒட்டியிருந்த மெல்லிய படலத்தைப் புருவம் திருத்தும் இடுக்கியால் பிடித்து இழுத்தேன். நாடா மாதிரி ஒரே இழுப்பில் வந்தது. அந்தச் சுகத்தை எப்படிச் சொல்ல! இன்னும் உரிக்க ஏதாவது இருக்கிறதா என்று காரைச் சுற்றி வந்தேன்.

என் கணவர் தேநீர்க் கோப்பையோடு வாசற்படியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்.

“மிச்சம் இருந்தா என் தலைக்கும் ரெண்டு கோட்டு அடிச்சு வுடும்மா.”

“உங்க தலைக்கு ஒரு டப்பா பத்தாதுங்க.”

எல்லாம் முடிந்து, பேப்பரைப் பிரித்து, நாலடி தள்ளி நின்று பார்த்தேன். கார் பத்து வயது குறைந்து நின்றது. அந்தச் சந்தோஷம் தேநீர் ஆறும்வரைகூட நிற்கவில்லை. அடிபட்டு வந்த காருக்கு நெற்றியில் போய்க் கறுப்பைப் பூசிவிட்டோமே என்று மனசு அடித்துக்கொள்ள ஆரம்பித்தது.

“ஏங்க, கறுப்பு ஆகுமா?”

“ஆகாதுன்னா, டயர் என்ன மஞ்சளாவா இருக்கு?”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. “இன்னிக்கு வெள்ளிக்கிழமை. கோயிலுக்கு ஓட்டிக்கிட்டுப் போயி ஒரு பூசை போட்டுட்டு வந்துருவோம். அப்பத்தான் எனக்கு மனசு ஆறும்.”

“நாளைக்குத்தான் தொடணும்னு கடைக்காரரு சொன்னாருன்னியே?”

“நாம எங்கங்க தொடப்போறோம்? பூசைதானே?”

எத்தனை கார் பூசை பார்த்தவள் நான்! புதுக் கார் வாங்கிய சொந்தக்காரர்களோடெல்லாம் போய் நின்றிருக்கிறேன். சந்தனம் எங்கே வைப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? அந்த நேரத்தில் அது நினைவுக்கே வரவில்லை. கறுப்புக்குப் பரிகாரம் தேடுகிற அவசரத்தில், கறுப்பு இன்னும் காயவில்லை என்பதை மறந்துவிட்டேன்.

இப்படித்தான் ஐந்து நாற்பதுக்குக் குருக்களின் கட்டைவிரல் என் மகளின் காரோடு ஒட்டிக்கொண்டது. அவர் தோள்துண்டால் துடைத்தார். துண்டும் ஒட்டியது. துண்டை இழுத்தார். ரொட்டி சானாய் மாவு மாதிரி கறுப்புப் படலம் நீண்டு வந்தது.

“சாமி, இழுக்காதீங்க, இழுக்காதீங்க!” என்று கத்தினேன்.

“நான் எங்கம்மா இழுக்கறேன்? அதுல்ல என்னை விடமாட்டேங்குது!”

என் கணவர் கோயில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். அவர் முதுகு மட்டும் குலுங்கியது. பின்னால் மாலை போட்ட புது வேனோடு காத்திருந்த ஒருவர் கண்ணாடியை இறக்கி, “அக்கா, இன்னும் நேரமாகுமா?” என்று கேட்டார். “இல்லண்ணே, இதோ ஆச்சு” என்றேன். எதுவும் ஆகவில்லை. நான்கு டயருக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் காத்திருந்தது.

ஒருவழியாகக் கையை விடுவித்துக்கொண்ட குருக்கள், “சரி, ஓட்டுறவங்க ஏறுங்க. பழத்து மேல ஏத்திடலாம்” என்றார்.

“இது எங்க மக ஓட்டுற கார், சாமி.”

“எங்க அவங்க?”

“ரயில்ல வந்துக்கிட்டு இருக்கா.”

“வீட்ல காரை வச்சுக்கிட்டு ரயில்லயா?”

கணவரைப் பார்த்தேன். ஏறி உட்கார்ந்து ஓரடி நகர்த்தினால் முடிந்தது. அவரோ கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். “அவளே வரட்டும். இங்க வரச் சொல்லி போட்டோ அனுப்பிட்டேன்.”

“எதை அனுப்பினீங்க? இந்தக் கோலத்தையா? ஏற்கனவே பயந்து கெடக்குற புள்ளைக்கு?” என்று எரிந்து விழுந்தேன். பூசையும் பாதியில் நிற்கிறது, மூஞ்சியும் முன்னைவிட மோசமாகிவிட்டது. திங்கட்கிழமை அவள் முடியாது என்று சொல்லப்போகிறாள், அதற்குக் கடைசிக் காரணத்தை நானே என் கையால் செய்து வைத்துவிட்டேன் என்று தோன்றியது. குருக்கள் எங்களை விட்டுவிட்டு வேன்காரருக்குப் பூசை செய்யப் போனார். இந்த முறை விரலால் முதலில் லேசாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

நான் லோகோவின் முன்னால் நின்றேன். பாதி சுருங்கிய கறுப்பு, இடையிடையே எட்டிப் பார்க்கும் வெள்ளி, அதற்குள் குழைந்து போன சந்தனம், வழிந்த குங்குமம். இடுக்கியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். இருந்திருந்தாலும் எதைத் திருத்துவது?

மகள் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே வந்தாள். தோளில் வேலைப்பை, கழுத்தில் இன்னும் கழற்றாத அடையாள அட்டை. வாசல் வளைவுக்கு அருகில் கொஞ்ச நேரம் நின்றாள். ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்த நாள் முதல் அவள் அந்தக் காரின் முன்பக்கம் வந்ததே இல்லை. வீட்டில்கூடச் சுவரோரமாகச் சுற்றிக்கொண்டுதான் உள்ளே போவாள். இப்போது மெதுவாக வந்தாள். முன்னால் வந்தாள். குனிந்து, லோகோவுக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அவள் தோள் நடுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து ஓடினேன். பக்கத்தில் போன பிறகுதான் தெரிந்தது, அவளுக்குச் சிரிப்பில் மூச்சு வரவில்லை.

“அம்மா, எங்க கிளாஸ்ல ஒரு வாலு இருக்கும்மா, சாப்பாடு நேரத்துல இப்படியேதான் மூஞ்சியெல்லாம் அப்பிக்கிட்டு நிக்கும்! இதுக்குப் போயா நான் இத்தனை நாளா பயந்தேன்?”

“உரிச்சுட்டா வெள்ளி வந்துரும்மா. நாளைக்கே சரி பண்ணிடுறேன்.”

“ஒண்ணும் உரிக்க வேணாம். அப்படியே காயட்டும்.”

எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்பாவிடம் கையை நீட்டினாள்.

“சாவியக் குடுங்கப்பா. டெங்கில் வரைக்கும் ஒருதடவை ஓட்டிப் பாத்துட்டு வந்துருவோம். அம்மாவ மட்டும் பின்னால உக்கார வைங்க, முன்னால இருந்தா அவங்க காலாலயே பிரேக் போட்டுக்கிட்டு வருவாங்க.”