அது போய் உட்காரும் இடங்கள்

ராயப்பேட்டையில் ஒரு ஸ்கேன் சென்டரில் டாக்டர் சொல்லச் சொல்ல ரிப்போர்ட் டைப் அடிப்பது என் வேலை. படித்தது பி.காம். ஆனாலும் இத்தனை வருஷத்தில் எந்தப் புற்று எங்கே போகும் என்பது விரல்களுக்குப் பழகிவிட்டது. குடலில் வந்தால் கல்லீரல். மார்பில் வந்தால் எலும்பு, நுரையீரல், கல்லீரல், சில சமயம் மூளை. டாக்டர் வாயைத் திறக்கும் முன்பே அடுத்த வார்த்தையை அடித்துவிட்டுத் திட்டு வாங்கியிருக்கிறேன்.

இந்த மேதாவிதான் அக்காவின் முதுகுக்கு இரண்டு மாதம் தைலம் தேய்த்துவிட்டேன். அவளுக்கு மார்பில் ஆபரேஷன் ஆகி நாலு வருஷம். மயிலாப்பூரில் வீட்டிலேயே பாட்டு சொல்லிக்கொடுக்கிறாள். "நாள் பூரா சப்பணம் போட்டு உக்காந்துண்டிருந்தா முதுகு வலிக்காம என்ன பண்ணும்?" என்றாள். நானும் தலையாட்டினேன். ஊராரின் எலும்பு என்றால் உடனே புரிகிறது. சொந்த அக்காவின் எலும்பு என்றால் சப்பணம்தான் காரணம்! என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

ஸ்கேன் எடுத்தபோது முதுகெலும்பில் மூன்று இடங்களில் இருந்தது. அந்த ரிப்போர்ட்டை என்னால் அடிக்க முடியவில்லை, பக்கத்து சீட்டுக்காரி அடித்தாள்.

ஏன் எலும்புக்குப் போக வேண்டும் என்று டாக்டரிடம் சண்டை பிடிக்கிற மாதிரி கேட்டேன். ரத்தம் அந்த செல்களை எல்லா இடத்துக்கும்தான் கொண்டுபோகிறது, போன இடத்திலெல்லாம் அவை பிழைப்பதில்லை என்றார். குடலின் ரத்தம் நேரே கல்லீரலுக்குப் போவதால் குடல் புற்று முதலில் அங்கே தங்குகிறது. எலும்போ ஓயாமல் தன்னைக் கரைத்துப் புதிதாகக் கட்டிக்கொண்டிருக்கிறது. அப்போது வெளியே வரும் சத்து மார்புப் புற்றுக்கு ஒத்துப்போகிறதாம். "முழுசா எங்களுக்கே புரியலம்மா" என்றார்.

உடம்பு தன்னைச் சரிசெய்துகொள்வதே அதற்குச் சாப்பாடா! எனக்கு ஆத்திரம்தான் வந்தது. யாரைப் போய் கோபித்துக்கொள்வது?

அக்காவிடம் நானேதான் சொன்னேன். அவள் அழவில்லை. சுருதிப்பெட்டியை நிறுத்தினாள்.

"நீதான் தினம் அடிக்கறயே, சொல்லு. தொண்டைக்கு வருமாடி?"

மார்பிலிருந்து தொண்டைக்குப் போனதாக நான் ஒரு ரிப்போர்ட்கூட அடித்ததில்லை.

"அங்கெல்லாம் வராதுக்கா."

"அப்பாடா. அப்போ பாடிண்டிருக்கலாம்." அவள் முகம் தெளிந்துவிட்டது.

நுரையீரலைப் பற்றி அவள் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.